பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஆலை வரை: தொழில்நுட்ப மாற்றம் என்றால் என்ன?

பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் கண்டறியப்பட்ட ஒரு முறையையோ பொருளையோ, அதைப் பெருமளவில் செய்து மக்களிடம் கொண்டுசேர்க்கக்கூடிய ஒரு நிறுவனத்துக்கு உரிய ஒப்பந்தங்களுடன் தருவதைத் தொழில்நுட்ப மாற்றம் என்கிறோம். ஆய்வாளர் எழுதிக் கொடுப்பார், நிறுவனம் படித்துப் பார்த்துச் செய்துகொள்ளும் என்றே புதிதாகக் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். நடைமுறையில், எழுதிக் கொடுக்க முடியாதவை பல இருக்கின்றன. எழுதிக் கொடுத்தவற்றிலும் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வி இருக்கிறது. இதை விளக்க இன்சுலினைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் அந்த ஒரே மருந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை, இரண்டு வேறுபட்ட வழிகளில், ஆய்வகத்திலிருந்து ஆலைக்குச் சென்றிருக்கிறது.

1921ஆம் ஆண்டு கோடையில், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லவுடின் ஆய்வகத்தில், ஃபிரெடெரிக் பேன்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் கணையத்திலிருந்து எடுத்த சாறு நீரிழிவு வரவழைக்கப்பட்ட நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அது போதிய அளவு தூய்மையாக இல்லாததால் பெரிய பயன் கிடைக்கவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் அதைத் தூய்மைப்படுத்திக் கொடுத்த பின், ஜனவரி 23 அன்று மீண்டும் செலுத்தினார்கள். இம்முறை சிறுவனின் சர்க்கரை நன்றாக இறங்கியது. அறிவியல் அளவில் வேலை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கன்னாட் ஆய்வகத்தில் அதே மருந்தை அதிக அளவில் தயாரிக்க முயன்றபோது அது கைகூடவில்லை. சிறிய அளவில் வந்தது பெரிய அளவில் வரவில்லை என்பது மட்டுமல்ல, ஒரு கட்டத்தில் காலிப்பாலேயே தாம் முன்பு செய்ததைத் திரும்பச் செய்ய முடியாமற்போயிற்று. செய்முறை கைதவறிப் போன அந்த மாதங்களில், மருந்து கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை அறிந்த நோயாளிகளுக்குக் கொடுக்க மருந்து இல்லாமல் இருந்தது.

அந்த நிலையில்தான் 1922 மே மாத இறுதியில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலிருந்த ஈலை லில்லி நிறுவனத்துடன் பல்கலைக்கழகம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சோதனைக் காலமாக ஓராண்டுக்கு அமெரிக்காவில் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிமை. அதற்கு ஈடாக, உற்பத்தியில் அது காணும் மேம்பாடுகளை டொராண்டோவுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு மற்ற நிறுவனங்களுக்கும் உரிமை தரப்படும். காலிப்பும் பெஸ்டும் நேரில் சென்று தங்கள் செய்முறையை நிறுவனத்தின் வேதியியலாளர்களுக்குக் காட்டினார்கள். மாடுகளின், பன்றிகளின் கணையங்களை இறைச்சிக்கூடங்களிலிருந்து பெருமளவில் வாங்கி வேலை தொடங்கியபோது அங்கும் சிக்கல்கள் எழுந்தன. தொகுதிக்குத் தொகுதி மருந்தின் வீரியம் மாறியது. அந்த நிறுவனத்தின் வேதியியலாளர் ஜார்ஜ் வால்டன், கரைசலின் அமிலத்தன்மையை ஒரு குறிப்பிட்ட அளவில் நிறுத்தினால் இன்சுலின் வீழ்படிவாகத் தனியே இறங்கிவிடுகிறது என்று 1922இன் பிற்பகுதியில் கண்டறிந்த பின்னரே, முன்னதைவிட மிகத் தூய்மையான மருந்தை நம்பகமாகவும் நிறையவும் செய்ய முடிந்தது. ஆக, பல்கலைக்கழகம் கொடுத்ததை நிறுவனம் அப்படியே எடுத்துச் செய்துவிடவில்லை. நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கண்டுபிடிப்பைச் செய்ய வேண்டியிருந்தது.

காப்புரிமையைப் பொறுத்தவரை டொராண்டோ எடுத்த முடிவும் கவனிக்கத்தக்கது. பேன்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு 1923இல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பணம் வேண்டாமென்றால் காப்புரிமையே எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் பெறாவிட்டால் வேறு யாராவது பெற்று, எல்லோரையும் தடுத்துவிடக்கூடும் என்பது ஒரு காரணம். உரிமம் பெற்றவர்கள் செய்யும் மருந்தின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. காப்புரிமை என்றாலே வருமானம் என்று எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

காப்புரிமை உண்மையில் எதைத் தருகிறது என்பதை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர் அதில் உழுது பயிரிடலாம். காப்புரிமை அத்தகைய பட்டா அன்று. அது மற்றவர்கள் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. உரியவரே அந்தப் பொருளைச் செய்ய விரும்பினாலும் இன்னொருவரின் காப்புரிமை குறுக்கே நிற்கலாம். மருந்தாக இருந்தால் அரசின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு இந்தத் தடுக்கும் உரிமை நீடிக்கும் என்பது இன்று பெரும்பாலான நாடுகளின் விதி. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் இருக்கிறேன், நீ செய்துகொள் என்று ஒரு நிறுவனத்துக்கு நிபந்தனைகளுடன் எழுதிக் கொடுப்பதே உரிமம். அதற்காக நிறுவனம் ஒரு முன்பணமும், விற்பனையில் ஒரு விழுக்காட்டை ராயல்டியாகவும் கொடுப்பது வழக்கம்.

இன்றைய பல்கலைக்கழகங்களில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு படிவத்தில் எழுதித் தருகிறார். அது புதியதா, யாருக்காவது பயன்படுமா, காப்புரிமைச் செலவுக்குத் தகுதியானதா என்று அலுவலகம் ஆராய்கிறது. பின்னர் விண்ணப்பம், நிறுவனங்களைத் தேடுதல், பேச்சுவார்த்தை, உரிமம் என்று வேலை நகர்கிறது. படிவங்களும் நடைமுறைகளும் இடத்துக்கு இடம் மாறுமாதலால் அவற்றை விரிக்காமல், அந்த அலுவலகம் தன் வேலையை நன்றாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டும் ஒரு நிகழ்வுக்கு வருகிறேன். அது இன்சுலினின் இரண்டாம் பயணத்தோடும் தொடர்புடையது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹனும் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் போயரும் 1973இல், ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டிப் பாக்டீரியாவுக்குள் சேர்த்து, அங்கே பெருக வைக்கும் முறையைக் கண்டறிந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் அது ஆய்விதழில் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டில் 1970இல் உரிம அலுவலகத்தைத் தொடங்கியிருந்த நீல்ஸ் ரைமர்ஸுக்கு 1974 மே மாதத்தில் ஒரு செய்தித்தாள் கட்டுரை வழியாகத்தான் இது தெரியவந்தது. கோஹன் முதலில் தயங்கினார். பலருடைய உழைப்பின் மேல் எழுந்த அடிப்படை அறிவியலுக்குக் காப்புரிமை கேட்பது முறையா என்பது அவர் ஐயம். ரைமர்ஸ் அவரை இணங்கவைத்தார். ஏற்கெனவே வெளியானது புதியதாகக் கொள்ளப்படாது என்பதால் அதற்குப் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. ஆனால் அமெரிக்கச் சட்டம், வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க இடம் தருகிறது. அந்த ஓராண்டு முடிவதற்குச் சில நாட்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4 அன்று விண்ணப்பம் பதிவாயிற்று. மற்ற பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் அத்தகைய சலுகை இல்லாததால், அங்கெல்லாம் உரிமை கேட்கும் வாய்ப்பு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் இந்த ஓர் இடத்தில் நின்று படிக்க வேண்டும். இந்தியச் சட்டத்திலும் பொதுவான சலுகைக் காலம் கிடையாது. அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது, கற்றறிந்தோர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தது போன்ற சில குறுகிய சூழல்களுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. கருத்தரங்கச் சுவரொட்டி, இணையத்தில் ஏற்றிய முன்வரைவு, நூலகத்தில் எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய முனைவர் பட்ட ஆய்வேடு ஆகிய எல்லாமே வெளியீடாகக் கொள்ளப்படலாம். இதற்காகக் கட்டுரையை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும் என்று பொருளில்லை. முழுமையற்ற நிலையிலும் கண்டுபிடிப்பை விவரிக்கும் ஒரு தற்காலிக விவரக்குறிப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிந்து, விண்ணப்பித்த தேதியை உறுதிசெய்துகொண்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தரும் வழி இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. பதிந்த மறுநாளே கட்டுரையை அனுப்பலாம், அதில் எழுதியது அந்த விவரக்குறிப்பிலும் இருக்கும் வரை. வெளியிடுவதா, காப்புரிமையா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைக் கவனிக்காதவர்கள்.

கோஹன்–போயர் காப்புரிமை 1980 டிசம்பரில் வழங்கப்பட்டது. அதை ஒரே நிறுவனத்துக்குப் பெருந்தொகைக்கு விற்றிருக்கலாம். ஸ்டான்ஃபோர்டு அப்படிச் செய்யவில்லை. கேட்கும் எவருக்கும் தருவது, ஆனால் எளிதில் கொடுக்கக்கூடிய தொகைக்குத் தருவது என்று முடிவெடுத்தது. முன்பணம் 10,000 டாலர், ஆண்டுதோறும் குறைந்தது 10,000 டாலர், பொருள் விற்பனைக்கு வந்தால் அதில் ஒரு சிறு விழுக்காடு. வழக்காடிக் காப்புரிமையை உடைக்க முயல்வதைவிடப் பணத்தைக் கட்டிவிடுவதே மலிவு என்று நிறுவனங்கள் எண்ணும்படி அந்தத் தொகை அமைந்திருந்தது. 1997இல் காப்புரிமைக் காலம் முடிவதற்குள் 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றன. இரு பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து சுமார் 25 கோடி டாலர் வந்தது. பலருக்கும் பல துறைகளிலும் பயன்படும் அடிப்படைக் கருவிக்கு இப்படிப் பலருக்கான உரிமமே பொருத்தம் என்பதற்கு இது நெடுங்காலமாகச் சான்றாகக் காட்டப்படுகிறது.

ஆனால் எல்லாக் கண்டுபிடிப்புக்கும் அந்த வழி பொருந்தாது. ஆய்வகத்தில் எலியிடம் வேலை செய்த ஒரு மூலக்கூறை மருந்தாக்க, மனிதர்களிடம் பல கட்டச் சோதனைகள் நடத்தப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவாகும். அவ்வளவையும் ஒரு நிறுவனம் செலவிட்டு முடித்த மறுநாளே போட்டியாளர் அதே மருந்தை விற்கலாம் என்றால், எந்த நிறுவனமும் தொடங்காது. அத்தகைய இடங்களில் ஒருவருக்கு மட்டுமான தனி உரிமம் தேவைப்படுகிறது. அப்படித் தரும்போது பல்கலைக்கழகம் விழிப்பாக இருக்க வேண்டும்: இத்தனை காலத்துக்குள் இந்தக் கட்டத்தை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் உரிமம் திரும்பிவிடும் என்ற விதி இல்லாவிட்டால், தன் பழைய பொருளுக்குப் போட்டி வராமலிருக்கவே ஒரு நிறுவனம் புதிய உரிமத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். எந்தெந்த நாடுகளுக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு என்பதையும் எழுத வேண்டும். நான் பார்த்தவரை, ராயல்டி இரண்டு விழுக்காடா மூன்று விழுக்காடா என்று பேசுவதில் செலவாகும் நேரம், இந்த விதிகளைப் பேசுவதில் செலவாவதில்லை.

எழுதாமல் விட்டதன் விளைவை யேல் பல்கலைக்கழகம் 2001இல் சந்தித்தது. ஸ்டாவுடின் என்ற சேர்மம் எச்ஐவி கிருமியைத் தடுக்கிறது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 1980களில் கண்டறிந்திருந்தார்கள். அதன் தனி உரிமம் பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திடம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அந்த மருந்தின் மலிவான பொதுப்பெயர் வடிவத்தைப் பயன்படுத்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இசைவு கேட்டபோது, உரிமம் நிறுவனத்திடம் இருப்பதால் தன்னால் முடிவெடுக்க இயலாது என்ற நிலையில் பல்கலைக்கழகம் இருந்தது. மாணவர்களும் கண்டுபிடித்த ஆய்வாளரும் அழுத்தம் கொடுத்தார்கள். சில வாரங்களில், தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையைக் காட்டி எவரையும் தடுப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. இதன் பிறகு ஏழை நாடுகளுக்கான விலக்கை உரிமத்திலேயே எழுதும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் வந்தது.

இருக்கும் நிறுவனத்தைத் தேடாமல் புதிய நிறுவனத்தையே தொடங்குவது இன்னொரு வழி. போயர், ராபர்ட் ஸ்வான்சன் என்ற முதலீட்டாளருடன் சேர்ந்து 1976இல் ஜெனென்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம், சிட்டி ஆஃப் ஹோப் என்ற கலிஃபோர்னிய மருத்துவ ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களோடு இணைந்து, 1978இல் பாக்டீரியாவுக்குள் மனித இன்சுலினை உண்டாக்கிக் காட்டியது. அதைப் பெருமளவில் செய்யும் உரிமத்தைப் பெற்றது மீண்டும் ஈலை லில்லி நிறுவனமே; 1982இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. விலங்குக் கணையத்தை நம்பியிருக்க வேண்டிய காலம் முடிந்தது. இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கும் உண்டு. 1976இல் எழுதிய ஒப்பந்தப்படி விற்பனையில் 2 விழுக்காடு சிட்டி ஆஃப் ஹோப்புக்கு உரியது. மூன்றாம் நிறுவனங்களுக்கு ஜெனென்டெக் உரிமம் கொடுத்துப் பெற்ற பணத்துக்கும் அது பொருந்துமா என்பதில் தகராறு எழுந்து, 2008இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 30 கோடி டாலர் இழப்பீட்டை உறுதிசெய்யும் வரை நீண்டது. ஆய்வு தொடங்கும் உற்சாகத்தில் எழுதப்படும் ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட இடைவெளிகள் இருப்பது அரிதன்று.

அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் பலன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அமெரிக்கா 1980இல், பர்ச் பே, ராபர்ட் டோல் ஆகிய இரு செனட்டர்களின் பெயரால் வழங்கும் பே–டோல் சட்டத்தின் மூலம் விடை கண்டது. அதற்கு முன் அரசின் கையில் சுமார் 28,000 காப்புரிமைகள் இருந்தன. அவற்றில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவையே உரிமம் பெற்றுப் பயன்பாட்டுக்கு வந்திருந்தன. இச்சட்டம் உரிமையைப் பல்கலைக்கழகங்களிடமே விட்டது. கண்டுபிடித்தவருக்கு வருவாயில் பங்கு தர வேண்டும் என்றும், நிறுவனம் பொருளை மக்களுக்குக் கொண்டுவராவிட்டால் அரசு தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் தரச் செய்யலாம் என்றும் விதித்தது. அந்தத் தலையிடும் அதிகாரத்தைப் பயன்படுத்துமாறு, குறிப்பாக மருந்து விலைகள் தொடர்பாக, பலமுறை கோரிக்கைகள் வந்தும் அரசு நெடுங்காலம் அதைக் கையில் எடுக்கவில்லை.

இச்சட்டத்துக்குப் பின் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் உரிம அலுவலகங்களைத் திறந்தன. பெரும் பணம் வரும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. கூகுளின் தேடல் முறைக்கு உரிமம் கொடுத்து ஸ்டான்ஃபோர்டு பெற்ற பங்குகள் 33.6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது போன்ற செய்திகள் அந்த எதிர்பார்ப்பை வளர்த்தன. ஆனால் அப்படிப்பட்டவை மிகச் சிலவே. பெரும்பாலான உரிம அலுவலகங்கள் தங்கள் செலவுக்கே போதுமான வருமானத்தை ஈட்டுவதில்லை. வரும் பணமும் பல்கலைக்கழகத்துக்கு முழுதாகப் போவதில்லை: ஸ்டான்ஃபோர்டு வழக்கப்படி அலுவலகச் செலவுக்கு 15 விழுக்காடும் காப்புரிமைச் செலவும் கழித்தபின், மீதி கண்டுபிடித்தவர், அவர் துறை, அவர் புலம் என மூன்று சம பங்காகப் பிரிகிறது. இதை வருமான வாசலாக நடத்தும் நிர்வாகங்கள் விலையை ஏற்றிக் கேட்டு, வந்த நிறுவனத்தையும் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

இந்தியாவில் ஆய்வகத் தொழில்நுட்பங்களுக்கு உரிமம் தருவதற்கென்றே 1953இல் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அமெரிக்கச் சட்டத்தை ஒட்டிய ஒரு மசோதா 2008இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. கட்டாயப்படுத்தும் விதிகள், மருந்து விலை, திறந்த அறிவியல் ஆகியவை குறித்துப் பலத்த எதிர்ப்பு எழுந்து, 2014இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இங்கே உரிமை யாருக்கு என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் கொள்கையும், பணம் கொடுத்த அமைப்பின் நிபந்தனைகளும்தான் முடிவுசெய்கின்றன. மாணவர்கள் தங்கள் நிறுவனத்தின் கொள்கையை ஆய்வு தொடங்கும்போதே படித்துவிடுவது நல்லது. நிறுவனத்தின் கருவிகளையும் பணத்தையும் பயன்படுத்திச் செய்தது யாருடையது என்பது பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 விழுக்காடு குறைக்கப்பட்டதால் விண்ணப்பிப்பது எளிதாகியிருக்கிறது. எண்ணிக்கையைக் காட்டித் தரவரிசையில் மதிப்பெண் வாங்குவதற்காக மட்டும் பதியப்படும் விண்ணப்பங்களும் இதனால் கூடியிருக்கின்றன என்பது என் கருத்து.

காப்புரிமைக்கும் விற்பனைப் பொருளுக்கும் இடையே டொராண்டோவில் காலிப் திணறிய அந்த இடம் இங்கும் இருக்கிறது. அதற்குப் பணம் கிடைப்பதுதான் மிகக் கடினம். ஆய்வு நிதி கட்டுரையோடு முடிந்துவிடுகிறது. முதலீட்டாளர் வேலை செய்யும் பொருளைக் கண்ணால் பார்த்த பின்னரே வருகிறார். உயிரித் தொழில்நுட்பத் துறை 2012இல் தொடங்கிய பைராக் அமைப்பு, யோசனையை நிரூபித்துக் காட்டுவதற்கு 50 லட்சம் ரூபாய் வரை தருவது இந்த இடைவெளிக்காகத்தான்.

சென்னை ஐஐடியில் 1990களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு வேறொரு வழியைக் கண்டது. கம்பி இழுக்காமல் வீடுகளுக்குத் தொலைபேசி இணைப்புத் தரும் கார்டெக்ட் அமைப்பை, அவர்களுடைய முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனமும், சில்லுகளைச் செய்து தந்த அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. ஆய்வை முடித்துவிட்டு வாங்குபவரைத் தேடாமல், செய்பவர்களைத் தொடக்கத்திலேயே உடன் வைத்துக்கொண்ட முறை அது. கைப்பேசி மலிவானபோது அந்த அமைப்பு சந்தையில் பின்தங்கியது. ஆனால் அதில் வேலை செய்தவர்கள் பெற்ற பயிற்சி வீணாகவில்லை. அதே வளாகத்தை ஒட்டி 2010இல் திறக்கப்பட்ட ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில் இடம்பெறும் நிறுவனங்கள் வாடகை கொடுப்பதோடு, மாணவர்களை வேலைக்கு எடுப்பது, ஆசிரியர்களோடு கூட்டாய்வு செய்வது போன்றவற்றின் மூலம் குறிப்பிட்ட அளவு புள்ளிகளையும் ஈட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது.